நாற்பத்தோரு ரசீதில் ஒரு பிரிட்ஜ்

'டமார்!'

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கட்டிங் மாஸ்டர் குளியலறையிலிருந்து ஓடி வந்தார். சமையலறை முழுக்கப் புகை. அவர் மனைவி கையில் கரண்டியோடு சுவரோரம் ஒட்டி நின்றாள். மூலையில் இருந்த பிரிட்ஜ் கடைசியாக ஒருமுறை உடம்பை உலுக்கிவிட்டு அடங்கியது.

"மருந்து! முதல்ல மருந்தை எடுங்க!" என்று அவள் கத்தினாள்.

பாலையும் முட்டையையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவின் மேல்தட்டில் வரிசையாக நின்ற ஆறு சின்னக் குப்பிகளை மட்டும் வாரி எடுத்துக்கொண்டார். அவர்களுடைய பத்து வயது மகளுக்கான இன்சுலின். மூன்று மாதத்துக்கானதை மருத்துவமனையில் மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். சூடு பட்டால் கெட்டுவிடும். உறைந்தாலும் கெட்டுவிடும். மகளை வீட்டில் 'வாலு' என்று கூப்பிடுவார்கள். அவளைப் போலவே பிடிவாதமான மருந்து.

பிரிட்ஜ் மெக்கானிக் வந்தார். காதில் சின்ன ஸ்பேனரைச் செருகியிருப்பார் என்பதால் குடியிருப்பில் அவருக்கு 'ஸ்பேனர்' என்றே பெயர். பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, துக்கவீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

"கம்ப்ரஸர் கருகிப்போச்சு. பாடி அரிச்சுப்போச்சு. இதுக்கு வைத்தியம் பாக்குறதைவிட வழியனுப்பிடலாம் மாஸ்டர். புதுசு வாங்கிடுங்க."

"வாங்கிடுங்க" என்பது அவர் வாயிலிருந்து எத்தனை சுலபமாக வந்துவிட்டது! ஸ்பேனர் வெளியாள். அவருக்கு வாரியம் இல்லை.

கட்டிங் மாஸ்டருக்கு இருந்தது. அவர் வேலை பார்த்த ஆயத்த ஆடை ஆலை, தொழிலாளர்கள் கண்டதையும் வாங்கிக் கெட்டுப்போகிறார்களே என்று வருந்தி, ஆறு வருடத்துக்கு முன் 'இல்லச் சிக்கன வாரியம்' என்று ஒன்றைத் தொடங்கியது. சேர்ந்தவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி இலவசம். மாஸ்டர் வாளிக்காகச் சேர்ந்தார். வீட்டில் அப்போது வாளி ஓட்டையாக இருந்தது. சேர்ந்த பிறகுதான் விதிமுறைப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். சம்பளத்தில் பாதி வாரியத்தின் கையில் இருக்கும். ஒரு நாள் கூலிக்கு உட்பட்ட பொருளை ரசீது காட்டி வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் விலையுள்ள எதையும், யாருடைய காசில் வாங்கினாலும், வாரியத்தின் அனுமதி வேண்டும். மீறினால் கதவில் 'வீண்செலவுக் குடும்பம்' என்று ஒட்டிவிட்டு, ஒரு வாரத்தில் ஆலைக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்வார்கள்.

வாளி மூன்றாம் மாதமே உடைந்துவிட்டது.

வாரிய அலுவலகத்தில் நுழைந்ததும் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும்: 'வாங்குமுன் யோசி. யோசித்தபின் வாங்காதே.' அதன் கீழே மூன்று ஏசிகள் ஓடிக்கொண்டிருந்தன. மாஸ்டர் பதினெட்டுப் பக்க விண்ணப்பத்தை வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினார். ஏழாவது கேள்வியில் அவருக்கு வியர்த்தது. 'இப்பொருள் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் மனிதர்கள் வாழ்ந்தார்களா?' பதில் எழுத இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டிலும் 'ஆம்' என்று அச்சாகியிருந்தது.

விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர் மூன்று கடைகளின் விலைப்பட்டியல் கேட்டார். மாஸ்டர் அன்றே அலைந்து கொண்டுவந்து கொடுத்தார்.

"நல்லது. இனிமே இருபத்தோரு நாள் ஆசை ஆறும் காலம்" என்றார் எழுத்தர்.

"என்ன காலம் சார்?"

"வாங்கணும்னு ஒரு ஆசை வந்திருக்கு இல்ல? அது ஆறணும். ஆறாம இருந்தா இருபத்திரண்டாம் நாள் வாங்க."

"ஆசை இல்ல சார், மருந்து. பாப்பாவோட மருந்து."

"எல்லாரும் ஒண்ணு சொல்வாங்க. போன வாரம் ஒருத்தர் கண்ணாடி இல்லாம கண்ணு தெரியலைன்னாரு. ஆறிடுச்சு."

"கண்ணு தெரிஞ்சிடுச்சா?"

"ஆசை ஆறிடுச்சு" என்றார் எழுத்தர்.

மாஸ்டர் தெர்மாகோல் பெட்டி வாங்கினார். அதற்கு அனுமதி தேவையில்லை. தினமும் காலையில் ஐஸ் கம்பெனிக்குப் போய்க் கட்டி வாங்கிவந்து, உடைத்து, பெட்டியில் நிரப்பி, குப்பிகளை வைத்தார். ஐஸுக்கும் அனுமதி தேவையில்லை. ஒரு மாத ஐஸ் செலவில் பிரிட்ஜில் பாதி வாங்கிவிடலாம் என்பது வாரியத்தின் கவலை இல்லை. முதல் வாரத்திலேயே இரண்டு குப்பிகள் ஐஸில் ஒட்டி உறைந்துபோயின. மனைவி அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குப்பையில் போட்டாள்.

இருபத்திரண்டாம் நாள் மாஸ்டர் வாரிய அலுவலக ஜன்னலில் நின்றார்.

"ஆசை ஆறலை சார்."

எழுத்தர் கோப்பைப் புரட்டினார். "விலைப்பட்டியல் ஏழு நாள்தான் செல்லும். காலாவதியாயிடுச்சு. புதுசா கொண்டுவாங்க."

"கொண்டுவந்தா உடனே கொடுத்துடுவீங்களா?"

"புது விலைன்னா புது ஆசை. இருபத்தோரு நாள்."

மாஸ்டர் இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சார், ஏழு நாள் செல்லுற பட்டியலை வச்சுக்கிட்டு இருபத்தோரு நாள் எப்படிக் காத்திருக்கிறது? இது எந்த ஜென்மத்துல நடக்கும்?"

"இதுவரைக்கும் நடந்ததில்லை" என்றார் எழுத்தர் பெருமையோடு. "அதனாலதான் நம்ம வாரியத்துக்குப் போன வருஷம் முதல் பரிசு."

விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் சிக்கன வகுப்புக்கு வரவேண்டும் என்பது அடுத்த விதி. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரும் மனைவியும் வாலுவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வகுப்பை எடுத்தவர் வாரியத்தின் தலைமை ஆலோசகர். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டை. மடியில் அகன்ற வாய் கொண்ட ஒரு பிளாஸ்க். பேச எழுந்தபோதும் அதைக் கீழே வைக்கவில்லை, கைக்குழந்தையைப் போல இடுப்பில் அணைத்துக்கொண்டார்.

"ஒரு பொருளை வாங்காமல் இருப்பதற்காக எவ்வளவு செலவானாலும் தயங்கக்கூடாது" என்று அவர் தொடங்கினார். கைதட்டல். "இந்த மண்டபத்தைப் பாருங்கள். சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதற்காகவே கட்டியது. கட்டி முடிக்க ஐந்து வருடம். ஏன்? ஒவ்வொரு செங்கலையும் யோசித்து வாங்கினோம். பழுதுபார்க்க இப்போது அனுமதி கேட்டிருக்கிறோம். கூரை ஒழுகும் இடங்களில் நாற்காலி போடவில்லை, கவனித்திருப்பீர்கள். அதுவும் ஒரு சேமிப்பு."

மறுபடியும் கைதட்டல். இரண்டாவது வரிசையில் ஒருவர் தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, அவரும் தட்டினார்.

வாலு மெதுவாக அப்பாவின் காதில் கேட்டாள். "அப்பா, அந்த மாமா பிளாஸ்க்ல என்ன வச்சிருக்காரு? ஒரு தடவைகூடக் குடிக்கலையே?"

"சிக்கனமா இருக்காருடி" என்றாள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு.

ஐந்தாவது வாரம் வாலு பள்ளியிலிருந்து வந்ததும் நான்கு சொம்பு தண்ணீர் குடித்தாள். ஐந்தாவதைக் கேட்டபோது அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மாலைக்குள் பிள்ளை வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டாள். மருத்துவமனையில் சர்க்கரையைப் பார்த்த மருத்துவர், கருவி தப்பா என்று இன்னொரு முறை பார்த்தார்.

"ஊசி போட்டேன் டாக்டர்" என்று அம்மா அழுதாள். "ஒரு வேளை தவறலை. நேரத்துக்குப் போட்டேன்."

"மருந்தை எங்க வச்சிருந்தீங்க?"

அவள் தெர்மாகோல் பெட்டியை நீட்டினாள். மூன்று நாளாக ஐஸ் கம்பெனி விடுமுறை. பெட்டிக்குள் வெதுவெதுப்பான தண்ணீரில் குப்பிகள் மிதந்துகொண்டிருந்தன.

"இதுல இருக்கிறது மருந்தே இல்லைம்மா" என்றார் மருத்துவர். மூன்று நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். அனுப்பும்போது புதிதாகக் குப்பிகள் கொடுத்துவிட்டு, மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தத் தடவை பிழைச்சுட்டா. அடுத்த தடவைக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. எப்பாடுபட்டாவது ஒரு பிரிட்ஜுக்கு வழி பண்ணுங்க."

மாஸ்டர் சான்றிதழோடு நேரே வாரியத்துக்கு ஓடினார். சவரம் செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. விஷயம் தலைமை ஆலோசகரின் அறைவரை போனது. ஆலோசகர் சான்றிதழை இரண்டு முறை படித்தார். பிளாஸ்க் வழக்கம்போல மடியில் இருந்தது.

"டாக்டர் 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று எழுதியிருக்கிறார்" என்றார். "பிரிட்ஜில் வைக்கவும் என்று எழுதவில்லை. உலகத்தில் குளிர்ந்த இடங்கள் நிறைய இருக்கின்றன, தம்பி."

"எங்க சார் இருக்கு? எங்க வீடு தகரக் கூரைக்குக் கீழ மூணாவது மாடி."

"மேலும், பழைய பிரிட்ஜ் பழுதாகி நாற்பது நாள் ஆகிறது. பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அப்படியானால் பிரிட்ஜ் இல்லாமல் சமாளிக்க முடிகிறது என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்."

மாஸ்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்போ... அவ செத்திருந்தா கொடுத்திருப்பீங்களா சார்?"

"அப்போது தேவை இல்லாமல் போயிருக்கும்" என்று ஆலோசகர் விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னார். அவர் குரலில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. 'நிராகரிக்கப்பட்டது' என்ற முத்திரையைக் குத்தினார். ஆனால் மாஸ்டர் கதவுவரை போனதும், அவரை நிறுத்தி, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார்.

"குப்பியை ஐஸ் மேல நேரா வச்சீங்களா?"

"ஆமா சார்."

"அப்படி வைக்கக் கூடாது. உறைஞ்சிடும். துணியில ரெண்டு சுத்து சுத்தி, நடுவுல ஒரு விரல் இடைவெளி விடணும். மதியம் ஒரு தடவை தண்ணியை வடிச்சுடணும்."

மாஸ்டர் தலையாட்டினார். இதெல்லாம் எந்த விதியில் இருக்கிறது என்று யோசிக்கும் நிலைமையில் அவர் இல்லை.

வீட்டு வாசலில் ஸ்பேனர் செத்த பிரிட்ஜின் இரும்பை விலைக்குக் கேட்டு நின்றுகொண்டிருந்தார். கதையை முழுக்கக் கேட்டார். காதிலிருந்த ஸ்பேனரை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

"ஒரு நாள் கூலிக்குக் கீழ இருந்தா அனுமதி வேண்டாம். அதானே?"

"ஆமா."

"பிரிட்ஜுங்கிறது ஒரு பொருளு இல்ல மாஸ்டர். அது ஒரு நாப்பது பொருளு."

மாஸ்டரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து மாஸ்டர் ரசீது ஜன்னலுக்குத் தினமும் போனார். ஒரு நாளைக்கு இரண்டு ரசீது என்பது வரம்பு. ஜன்னலில் இருந்த அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்ப்பாள்.

"இன்னிக்கு என்ன மாஸ்டர்?"

"கைப்பிடி."

"எதுக்கு?"

"பிடிக்கிறதுக்கு."

"நியாயம்." முத்திரை விழும். "இன்னொண்ணு?"

"ரப்பர் பட்டை. ஆறடி."

"அது எதுக்கு?"

"ஒட்டுறதுக்கு."

"சிக்கனம்னா இதுதான். புதுசு வாங்காம ஒட்டி ஓட்டுறீங்க பாருங்க."

கதவு முழுசாக வாங்கினால் வரம்பைத் தாண்டியது. எனவே வெளித்தகடு ஒரு நாள், உள்தகடு ஒரு நாள், நடுவில் அடைக்கும் நுரை ஒரு நாள் என்று வாங்கினார்கள். கம்ப்ரஸர்தான் உயிரை வாங்கியது. ஸ்பேனர் பழைய இரும்புக் கடையில் ஒன்றைப் பிடித்து, ஏழாகப் பிரித்து, ஏழு ரசீது போட்டார். பிரிப்பதற்கு ஒரு கூலி, பூட்டுவதற்கு ஒரு கூலி. பச்சை நிறத்தில் இடது பக்கம் வந்தது. வலது பக்கம் மஞ்சள். மொத்தமாகப் பார்த்தால் இரண்டு புதுப் பிரிட்ஜ் வாங்கியிருக்கலாம். மனைவி தன் கைச்செலவுக்கு வைத்திருந்ததையும் எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னும் எத்தனை நாள் அண்ணே?" என்று அவள் ஸ்பேனரிடம் தினமும் கேட்டாள். அதுவரை குப்பிகள் துணியில் இரண்டு சுற்று சுற்றி, ஒரு விரல் இடைவெளியில், ஐஸ் பெட்டியில் இருந்தன. மதியம் தண்ணீரை வடித்தாள். இந்தத் தடவை ஒரு குப்பிகூட உறையவில்லை.

நாற்பத்தோராவது ரசீது ஒரு பல்புக்கானது. அதைத் திருகியதும் ஸ்பேனர் ஸ்விட்சைப் போட்டார். பெட்டி இருமியது. உதறியது. பிறகு 'உர்ர்ர்' என்று ஓட ஆரம்பித்தது. மூன்று மணி நேரம் கழித்து மனைவி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். கையை எடுக்காமல் அப்படியே கதவில் நெற்றியைச் சாய்த்து அழுதாள்.

"அம்மா, கதவை மூடு. குளிரு வெளிய போகுது" என்றாள் வாலு.

பத்து நாள் நிம்மதி. பதினோராவது நாள் வாரியத்திலிருந்து கடிதம். மாஸ்டர் அதை நின்றபடியே படித்துவிட்டு உட்கார்ந்தார். ஆறு மாதமாகப் பெரிய பொருள் எதையுமே வாங்காமல், நாற்பத்தோரு சிறு பொருள்களோடு குடும்பம் நடத்திய காரணத்தால், இந்த ஆண்டின் முன்மாதிரிச் சிக்கனக் குடும்பமாக அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள். தலைமை ஆலோசகர் நேரில் வந்து கதவில் பலகை மாட்டுவார். நாளைக் காலை பத்து மணிக்கு.

"பிரிட்ஜைத் தூக்கி வெளிய வச்சிடலாமா?" என்றாள் மனைவி.

"மூணு மாடி. தூக்கினா கழண்டு விழும். திரும்பப் பூட்ட ஸ்பேனருக்கு ஒரு மாசம் ஆகும்."

"கண்டுபிடிச்சா வீடு போயிடுமேங்க."

"மருந்து போனா?"

மாஸ்டர் ஆலையிலிருந்து கொண்டுவந்த துண்டுத் துணிகளை விரித்தார். இருபது வருடம் சட்டை வெட்டிய கை. பிரிட்ஜுக்கு அளவெடுத்து, மரநிறத் துணியில் உறை தைத்து, முன்பக்கம் இரண்டு பித்தளைக் குமிழ்களையும் வைத்துத் தைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அலமாரி. உறுமினால் மட்டும் அலமாரி இல்லை. அதற்கு வாலுவை நியமித்தார்கள். சத்தம் வந்ததும் அவள் வாய்ப்பாட்டை உரக்கப் படிக்க வேண்டும்.

பத்து மணிக்கு ஆலோசகர், எழுத்தர், புகைப்படக்காரர் மூவரும் வந்தார்கள். ஆலோசகரின் கையில் பிளாஸ்க். மாடியேறிய மூச்சு அடங்குவதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"இந்தக் குடும்பம் வாங்கியவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வாங்காதவற்றைப் பற்றித்தான் பேச வந்தேன். இவர்கள் பிரிட்ஜ் வாங்கவில்லை..."

'உர்ர்ர்' என்றது அலமாரி.

"ஓரேழு ஏழு! ஈரேழு பதினாலு!" என்று கத்தினாள் வாலு.

"...கேட்டார்கள். நாங்கள் மறுத்தோம். மறுத்ததால் இவர்கள் அடைந்த நன்மையைப் பாருங்கள்..."

"மூவேழு இருபத்தொண்ணு!"

"படிப்பில் நல்ல ஆர்வம்" என்றார் எழுத்தர்.

"லீவு நாள்லகூடப் படிப்புதான் சார்" என்றாள் மனைவி. அவள் டம்ளர் தட்டோடு அலமாரிக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

புகைப்படக்காரர் எல்லோரையும் அலமாரி முன்னால் நிற்கச் சொன்னார். நின்றார்கள். வாலு எட்டாம் வாய்ப்பாட்டைத் தாண்டி ஒன்பதுக்கு வந்திருந்தாள். சரியாக அவள் மூச்சு வாங்க நிறுத்திய நேரத்தில் கம்ப்ரஸர் தன் சுற்றை முடித்துக்கொண்டு, ஏழு துண்டும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்ததுபோல, மொத்த உடம்பையும் ஒரு குலுக்கு குலுக்கியது. உறை வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

பச்சையும் மஞ்சளுமாகப் பிரிட்ஜ் நின்றது.

எழுத்தர் தன் பையிலிருந்து 'வீண்செலவுக் குடும்பம்' ஒட்டுத்தாளை எடுத்தார். அதை எப்போதும் பையில் வைத்திருப்பார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், வீட்டை எடுத்துக்கங்க. பெட்டியை மட்டும் விட்டுடுங்க. எங்கயாவது ஒரு பிளக் பாயிண்ட் பக்கத்துல படுத்துக்கறோம்."

ஆலோசகர் பிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் போய்க் கதவைத் திறந்தார். விளக்கு எரிந்தது. மேல்தட்டில் குப்பிகள் வரிசையாக நின்றன. உள்ளே கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

"நீங்க ரெண்டு பேரும் கீழ போங்க" என்றார் மற்றவர்களிடம். "விசாரணையை நான் பாத்துக்கறேன்."

"ஒட்டுத்தாள் சார்?"

"கொடுத்துட்டுப் போங்க."

காலடிச் சத்தம் படிகளில் இறங்கி ஓய்ந்தது. ஆலோசகர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஒட்டுத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு சமையலறைத் தரையில், பிரிட்ஜுக்கு முன்னால், சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்து, பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார்.

வாலு எட்டிப் பார்த்தாள். பாதி உருகிய ஐஸ். அதற்கு நடுவில், துணியில் இரண்டு சுற்று சுற்றிய மூன்று குப்பிகள்.

"என் சம்சாரத்துக்கு" என்றார் ஆலோசகர். "இதைக் கட்டிக் கொடுத்த மெக்கானிக் வீடு எங்க இருக்கு, தம்பி? எங்க வீட்டு விண்ணப்பம் பதினாலு மாசமா என் மேசையிலதான் இருக்கு."